தண்ணி எங்கேயிருந்து வருது? – சீதபேதி விசாரணை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

தமிழில் உள்ள வசவுகளை ஒழுங்காகத் தொகுத்தாலே மருத்துவ வரலாற்றில் பாதி கிடைத்துவிடும். 'கழிச்சல்ல போறவனே', 'பேதியில போவ', 'வாந்திபேதி வந்து வாரிக்கிட்டுப் போக' என்று நம்ம சனங்க திட்டுவதை நாகரிகமில்லாத பேச்சு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் ஒரு வாரத்தில் தெருவில் பாதியைக் கொண்டுபோன சாவைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் இந்தச் சொற்களை உண்டாக்கியிருக்க முடியும். ஒரு நோய் வசவாக மாற வேண்டுமானால் அது எத்தனை தலைமுறையைத் தின்றிருக்க வேண்டும்?

அந்தச் சாவுகளுக்கு நம்மிடம் எழுத்து வரலாறு இல்லை. வெள்ளைக்காரன் காலரா பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தான். அது பட்டாளத்துக்குள் புகுந்தது, திருவிழாக் கூட்டத்தில் பரவியது, கப்பலேறி அவன் நாட்டுக்கும் போனது. சீதபேதியையும் அவன் எண்ணினான். எங்கே எண்ணினான் என்று பார்க்க வேண்டும். பட்டாளத்தில், சிறைக்கூடத்தில், தேயிலைத் தோட்டத்தில். அங்கெல்லாம் ஒவ்வொரு உடம்புக்கும் கணக்கு உண்டு. ஒரு சிப்பாய் செத்தால் அரசுக்கு நட்டம், ஒரு கூலி செத்தால் தோட்டத்துரைக்கு நட்டம். 1912-இல் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் அமீபா சீதபேதிக்கு எமெட்டின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டுக் காட்டியதெல்லாம் இந்தப் பின்னணியில் நடந்ததுதான். சேரியில் செத்தவன் யார் கணக்கில் வருவான்? சென்னை மாகாணத்துக் கிராமங்களில் பிறப்பு இறப்பை எழுதியது கிராம முன்சீப். சேரிக்குள் காலெடுத்து வைத்தால் தீட்டு என்றிருந்த ஆள், தூரத்தில் நின்று கேட்டு எழுதிய கணக்கில் நோயின் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். கொள்ளைநோயை விசாரிக்கப் போகிறவன் கேட்கும் முதல் கேள்வி, 'தண்ணி எங்கேயிருந்து வருது?' என்பது. உலகம் முழுக்க அது மருத்துவக் கேள்வி. நம் ஊரில் அது சாதிக் கேள்வியும்கூட. விசாரணை அந்தக் கேள்வியின் பாதியில் நின்றுவிட்டால் நோய் தணியலாம், காரணம் மட்டும் அப்படியே கிடக்கும். சுகாதார ஆய்வாளராக இருபத்தைந்து வருசத்துக்கு மேல் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு அலைந்தவன், சேரியில் பிறந்தவன் என்ற இரண்டு தகுதியிலும் இதைச் சொல்கிறேன்.

2

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் தெளிவாகப் பேசிக்கொள்வோம். வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றல்ல. காலராவில் அரிசி கழுவின தண்ணி மாதிரி கொட்டோ கொட்டென்று கொட்டும், உடம்பு நீரெல்லாம் வற்றி ஒரு நாளிலேயே ஆள் போய்விடலாம். சீதபேதி வேறு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும், ஆனால் சீதமும் ரத்தமுமாகப் போகும். வயிற்றைப் பிசையும், காய்ச்சல் அடிக்கும், போய்விட்டு வந்த உடனே திரும்பவும் போகச் சொல்லும். குடல் சுவரைக் கிருமி அரித்துப் புண்ணாக்குவதால் வரும் ரத்தம் அது.

1897-இல் ஜப்பானில் இந்த நோய் பெருவாரியாகக் கண்டது. 90,000 பேருக்கு மேல் படுத்தார்கள், அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் செத்தார்கள். ஜப்பானியர்கள் அதற்கு வைத்திருந்த பெயருக்குச் 'சிவப்புக் கழிச்சல்' என்று பொருள். கியோஷி ஷிகா என்ற இளைஞர் நோயாளிகளின் மலத்திலிருந்து அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர் பெயராலேயே அது ஷிகெல்லா ஆனது. அதற்கு முன்பே, 1875-இல், ருஷ்யாவில் லோஷ் என்பவர் சீதபேதிக்காரர் ஒருவரின் மலத்தில் அமீபாவைப் பார்த்திருந்தார். ஆக இரண்டு விதச் சீதபேதி உண்டு. அமீபாவினால் வருவது மெள்ள வரும், ஆளுக்கு ஆள் தனித்தனியாக வரும். சில நாளில் தெருவே படுத்தால் ஷிகெல்லாவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்த வித்தியாசம் புத்தகத்துக்கு மட்டும் ஆனதல்ல. 1969-இல் குவாத்தமாலாவில் கிராமத்துச் சனங்கள் ரத்தபேதியில் ஆயிரக்கணக்கில் செத்தபோது, மலத்தில் அமீபாவைப் பார்த்துவிட்டு முதலில் அமீபா மருந்தையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழை வயிற்றில் அமீபா எப்போதும்தான் இருக்கும். கொன்றது ஷிகெல்லா. கண்ணுக்குத் தெரிந்ததைக் காரணம் என்று எழுதிவிடுவதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

நம் நாட்டிலேயே 1984-இல் மேற்கு வங்கத்தில் மூன்றரை இலட்சம் பேருக்கு ஷிகெல்லா சீதபேதி கண்டதாகவும் 3,500 பேர் இறந்ததாகவும் பதிவு இருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின், கோட்ரைமாக்சசோல் எதற்கும் அந்தக் கிருமி கட்டுப்படவில்லை. நாலிடிக்சிக் அமிலம்தான் அப்போது கைகொடுத்தது. பிறகு அதற்கும் கிருமி பழகிவிட்டது. 2005-இல் உலக சுகாதார நிறுவனம் நாலிடிக்சிக்கை விட்டுவிட்டு சிப்ரோஃப்ளாக்சசினைச் சொன்னது. அதற்கும் எதிர்ப்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. மருந்து கிருமியைத் துரத்திக்கொண்டே போகிறது, தண்ணி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஷிகெல்லாவைப் பற்றி இன்னொன்று. காலரா வர வேண்டுமானால் இலட்சக்கணக்கில் கிருமி உள்ளே போக வேண்டும். ஷிகெல்லாவுக்குப் பத்திலிருந்து நூறு கிருமி போதும். விரல் நுனி போதும், ஒரு டம்ளர் விளிம்பு போதும். மனுச மலத்திலிருந்து மனுச வாய்க்கு, இதுதான் அதன் பாதை. மாட்டிலிருந்தோ கோழியிலிருந்தோ அது வருவதில்லை. ஆகவே ஓரிடத்தில் சீதபேதி பரவுகிறது என்றால் அங்கே ஒருவர் மலம் இன்னொருவர் வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது எந்த வழியாகப் போகிறது, அந்த வழியை அப்படி வைத்தது யார் என்பதுதான் விசாரணை.

3

லண்டனில் 1854-இல் ஜான் ஸ்னோ செய்ததும் இதைத்தான். காலராவில் செத்தவர்களை வீடு வீடாகப் படத்தில் குறித்தார். பிராட் தெருவில் இருந்த கைப்பம்பைச் சுற்றிச் சாவு குவிந்து கிடந்தது. பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். காலராக் கிருமியை ஸ்னோ கடைசிவரை கண்ணால் பார்க்கவில்லை. அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை, தண்ணி எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தது போதுமாயிருந்தது. இந்தக் கதை எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டது. ஆனால் அந்தப் படத்தை நம் கிராமத்துக்கு வரைந்தால் எப்படியிருக்கும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

1990-களின் நடுவில் வடமாவட்டத்துக் கிராமம் ஒன்று. ஊர் பெயர் வேண்டாம். ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்திருந்தது. சேரியில் பிள்ளைகளுக்கு ரத்தமாகப் போகிறது என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். நான் போன அன்றைக்கு முதல்நாள் ஒரு கைக்குழந்தை செத்திருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. மாத்திரை கொடுப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். விசாரிக்கிறவன் முதலில் யாரை நோயாளி என்று எண்ணுவது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ரத்தமோ சீதமோ கலந்து ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் போனவர் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் கோடு போட்ட நோட்டு. பேர், வயசு, ஆணா பெண்ணா, எந்த வீடு, என்றைக்கு ஆரம்பித்தது, எங்கே தண்ணி பிடிக்கிறார்கள், அந்த வாரம் எங்காவது விருந்து சாப்பிட்டார்களா. கருமாதிச் சாப்பாட்டினால் வந்திருந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் கண்டிருக்கும். அப்படி இல்லை. முதல் இரண்டு நாள் சில வீடு, மூன்றாம் நாள் திடீரென்று ஏறியிருந்தது, அதற்கப்புறம் அந்தந்த வீட்டுக்குள்ளேயே ஒருவர் பின் ஒருவராக. தண்ணியில் தொடங்கி வீட்டுக்குள் கையினால் பரவியிருக்கிறது என்று தெரிந்தது.

பிறகு படம். அட்டையின் பின்பக்கம் ஊரையும் சேரியையும் வரைந்து நோய் கண்ட வீட்டுக்கெல்லாம் புள்ளி வைத்தேன். ஊர்த்தெருவில் ஒரு புள்ளிகூட இல்லை. சேரியிலும் முதல் வரிசையில் சிலதுதான். கடைசி இரண்டு வரிசையில் நெருக்கமாகக் கிடந்தன.

மறுநாள் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். படத்தைப் பார்த்தார். "ஒரே டேங்க், ஒரே தண்ணி. ஊர்ல ஒருத்தனுக்கும் ஒண்ணுமில்ல. அப்ப தண்ணியில குறை இல்ல. இவங்க பழக்கவழக்கம்தான் சரியில்ல" என்றார். தருக்கம் போலத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒன்று, அவர் ஜீப் ஏறிப் போகும்வரை சும்மா இருந்துவிட்டு என்னிடம் சொன்னது: "தொட்டி ஒண்ணுதான் தம்பி. ஆனா எங்களுக்கு வர்றது ஊரு குடிச்ச மிச்சம்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எந்த அறிக்கையும் தேவையில்லை. மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் இருந்தது. குழாய் ஊர்த்தெரு முழுக்கச் சுற்றி, சாக்கடையைக் கடந்து, கடைசியாகச் சேரிக்கு வந்தது. தண்ணி விடுவதோ காலையில் கொஞ்ச நேரம். ஊரில் எல்லாக் குழாயும் திறந்திருக்கும்போது சேரிக் குழாயில் காற்றுதான் வரும். ஆகவே சனங்கள் என்ன செய்தார்கள்? குழாயடியில் இடுப்பளவுக்குக் குழி தோண்டி, மண்ணுக்குக் கீழே குழாயை வெட்டி, குழிக்குள் குடத்தை இறக்கிப் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் எந்தச் சேரிக்குப் போயிருந்தாலும் இந்தக் குழிகளைப் பார்த்திருக்கலாம். மழைக்குச் சாக்கடை வழிந்து குழி நிறையும். தண்ணி நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறையும், குழியில் கிடக்கும் அழுக்கைக் குழாயே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காலையில் முதல் குடத்தில் வருவது அதுதான்.

குளோரின் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு சின்னப் பெட்டி உண்டு. தண்ணியில் ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். தொட்டியடியில் மஞ்சள் வந்தது. ஊர்த்தெருவில் வந்தது. சேரியின் கடைசி வரிசைக் குழியில் ஒரு நிறமும் வரவில்லை. வழியில் கலந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டிருந்தது. தொட்டி ஒன்று, தண்ணி இரண்டு என்பதற்கு அறிவியல் சாட்சி அந்த நிறமில்லாத குப்பி. மல மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச்சேரத் தாமதமானதில் எதுவும் வளரவில்லை. ஷிகெல்லா வெளியில் சீக்கிரம் செத்துவிடும் கிருமி. அதனால் கிருமியின் பெயர் கிடைக்கவில்லை. ஸ்னோவுக்கும் கிடைக்கவில்லை.

4

கட்டுப்படுத்துவது எப்படி என்பதையும் எழுதிவிட வேண்டும், இதைப் படிக்கிற தோழர்கள் யாராவது நாளைக்கு இப்படியொரு தெருவில் நிற்க நேரலாம்.

உயிரைக் காப்பது முதல் வேலை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் எவ்வளவு பெரிய மருந்து என்பது 1971-இல் வங்க எல்லையில் போங்காவ்ம் அகதி முகாமில் நிரூபணமானது. சிரைவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகாலானபிஸ், உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த பொட்டலத்தைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளியின் சொந்தக்காரர்களே டம்ளரில் கொடுத்தார்கள். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஆனால் சீதபேதிக்கு இது மட்டும் போதாது. ரத்தம் போகிறவருக்குக் கிருமிக்கொல்லி மருந்து வேண்டும், அதையும் மருத்துவர் சொல்லும் நாள்வரை முழுசாகச் சாப்பிட வேண்டும். பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கக் கூடாது, கிருமியை உள்ளேயே அடைத்து வைத்தது போலாகிவிடும். பிள்ளைக்குப் பாலை நிறுத்தக் கூடாது, சோற்றை நிறுத்தக் கூடாது. 'வயிறு காயட்டும்' என்று பட்டினி போட்டு, ஏற்கெனவே எலும்பாக இருந்த பிள்ளைகளை இழந்தவர்கள் நம்மில் உண்டு.

அடுத்தது தண்ணி. நாங்கள் குழாயை நிறுத்திவிட்டு டிராக்டரில் தண்ணி கொண்டுவந்தோம். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் விட்டுவைத்து, மஞ்சள் வருகிறதா என்று பார்த்து. வீட்டில் குளோரின் மாத்திரை. கை கழுவ சோப்பு. இதெல்லாம் நடந்தது. அதற்கப்புறம் குழிகளை மூட வேண்டும். மூடப்போனபோது பெண்கள் மறித்துக்கொண்டார்கள். "குழிய மூடுறீங்க, சரி. நாளைக்கு டிராக்டர் நின்னுடும். தண்ணிக்கு நாங்க எங்க போறது?"

அவர்கள் கேட்டது நியாயம். குழி அவர்களின் அறியாமை அல்ல. மேட்டிலுள்ளவன் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கச் சொன்ன குழாய்க்கு அவர்கள் கண்டுபிடித்த விடை. குழி மூட வேண்டுமானால் தண்ணி மேலே ஏறி வர வேண்டும். அதற்கு வழி சின்னதுதான்: பாதையில் ஒரு வால்வு போட்டு, ஊர்க் குழாய்களை அடைத்துவிட்டுக் காலையில் முதலில் சேரிக்கு விடுவது. வால்வு விலை பெரிய காசில்லை. பஞ்சாயத்தில் பேச்சு இரண்டு நாள் நடந்தது. "அவனுங்களுக்கு மொதல்ல உட்டுட்டு எங்க பொம்பளைங்க கொடத்த வச்சிக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டார்கள். தண்ணி குறையும் என்பது அவர்கள் கவலை அல்ல, யார் முதலில் என்பதுதான். கடைசியில் 'நோய் நிற்கும்வரை' என்று ஒத்துக்கொண்டார்கள். வால்வு திரும்பியது, தண்ணி தரைக்கு மேலே வந்தது, குழிகள் மூடப்பட்டன, இரண்டு வாரத்தில் நோய் நின்றது. நோய் நின்றதும் வால்வும் பழையபடி திரும்பிவிட்டது.

மேலே போன அறிக்கையில் நான் குழாயின் பாதையைப் படமாகப் போட்டு எழுதியிருந்தேன். தட்டச்சாகி வந்த படியில் படம் இல்லை. காரணம் என்ற இடத்தில் 'மக்களிடையே சுகாதார விழிப்புணர்வின்மை' என்றிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ அறிக்கைகளில் அதே வாக்கியத்தைப் பார்த்துவிட்டேன். கொள்ளைநோய் விசாரணையில் நம் நாட்டில் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்ட காரணி ஷிகெல்லா அல்ல, இந்த வாக்கியம்தான்.

5

குழாய்ப் பாதை எப்படி இப்படி அமைந்தது என்று கேட்டால் அது பொறியாளர் வரைபடத்தில் தொடங்கியதல்ல. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். 1925-இல் அது அரசிதழில் வெளியானது. தாளில் வந்த உரிமை கிணற்றடிக்கு வரவில்லை. சாதி இந்துக்களோடு மோதிக்கொள்ள விரும்பாத அரசு தேர்ந்தெடுத்த வழி வேறு. லேபர் டிபார்ட்மென்ட் மூலமாக ஆதிதிராவிடர்களுக்குத் தனிக் கிணறு வெட்டிக்கொடுத்தது. தனிக் கிணறு தாகத்தைத் தீர்த்தது உண்மை. ஆனால் 'பொதுக் கிணற்றில் எங்களுக்கும் உரிமை' என்ற கோரிக்கையை 'உங்களுக்கென்று ஒன்று' என்ற பதிலால் அடைத்ததும் அதுதான். தனிக் கிணறு பிறகு தனிக் கைப்பம்பு ஆனது, தனித் தொட்டி ஆனது.

பம்பாய் மாகாணத்தில் இதே காலத்தில் நடந்தது நமக்குத் தெரியும். 1923-இல் அங்கேயும் சட்டமன்றத் தீர்மானம். 1924-இல் மகாட் நகராட்சி சவதார் குளத்தை எல்லாருக்கும் திறந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணியை அள்ளிக் குடித்தார்கள். அடித்து விரட்டப்பட்டார்கள். பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். மாட்டுச் சாணம், மாட்டு மூத்திரம், பால், தயிர் கலந்த 108 பானைகள். வழக்கு பத்து வருசம் நடந்து 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தலித்துகளுக்குச் சாதகமாக முடிந்தது.

இந்த 108 பானைகளைச் சுகாதார ஆய்வாளனாக நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஷிகா கிருமியைக் கண்டுபிடித்து அப்போது முப்பது வருசம் ஆகியிருந்தது. தண்ணி எதனால் கெடும் என்பது உலகத்துக்குத் தெரிந்துபோன காலம். அந்தக் காலத்தில் குடிதண்ணிக் குளத்தில் சாணத்தைக் கொட்டி அதைச் சுத்தம் என்றார்கள், மனுசன் கை பட்டதை அசுத்தம் என்றார்கள். அந்தக் குளத்தில் மாடு குடிக்கலாம், பிற மதத்தார் குடிக்கலாம். தீட்டு என்பதற்கும் அசுத்தம் என்பதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்பதற்கு இதைவிடச் சோதனைக்கூடச் சான்று கிடைக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊர் மலத்தை அள்ளச் சொன்னது யாரை? 1993-இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த வேலை அது. சீதபேதிக் கிருமி மலத்தில் இருக்கிறது. அதை அள்ளி, நகரத்தையும் ஊரையும் சீதபேதியிலிருந்து காத்தவர்கள் நம்மவர்கள். பொதுச் சுகாதாரம் என்று புத்தகம் சொல்வதைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்தவர்களைத்தான் தண்ணியைத் தொட்டால் கெட்டுவிடும் என்று கிணற்றடியில் நிறுத்தினார்கள். 1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்திய அளவில் முன்னோடி என்று பெருமையாகச் சொல்வோம். பெருமைதான். ஆனால் அந்தப் 'பொது'வுக்குள் சேரி எங்கே இருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

6

தனித் தொட்டி என்பதன் முழு அர்த்தம் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தெரிந்தது.

புதுக்கோட்டை மாவட்டம், முத்துக்காடு ஊராட்சி. தலித் குடும்பங்கள் மட்டும் குடிக்கும் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தண்ணியைப் பார்க்கச் சொன்னார்கள். டிசம்பர் 26 அன்று இளைஞர்கள் தொட்டி மேலே ஏறிப் பார்த்தார்கள். தண்ணியில் மனுச மலம் மிதந்தது.

விசாரணை முறை என்ற கோணத்தில் இதைப் பாருங்கள். நோய்க்கான விசாரணை சில நாளில் முடிந்துவிட்டது. மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்டார்: தண்ணி எங்கேயிருந்து வருது? சனங்களே ஏறிப் பார்த்துப் பதிலைச் சொன்னார்கள். ஸ்னோவின் கைப்பம்பு மாதிரி நேரான வழி. மறுநாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்தபோது இன்னும் இரண்டு விசயம் வெளியே வந்தது. டீக்கடையில் இரட்டை டம்ளர். அய்யனார் கோயிலுக்குள் தலித்துகளுக்கு அனுமதியில்லை. தொட்டி, டம்ளர், கோயில் மூன்றும் ஒரே படத்தின் மூன்று புள்ளி.

அதற்கப்புறம் தொடங்கிய இன்னொரு விசாரணை வேறு வேகத்தில் போனது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்கு மாறியது. அதே ஆண்டு உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்த மாதிரி கேட்டார்கள், நோயில் படுத்த தெருவிலும் கேட்டார்கள். இரண்டு வருசம் கழித்து, 2025 ஜனவரியில், அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. உள்ளூர்ப் பகைதான் காரணம், சாதி அல்ல என்றது காவல்துறை. ஊர்ச் சனங்கள் அதை மறுத்தார்கள். மத்தியப் புலனாய்வு வேண்டும் என்று தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் கேட்டார்கள்.

யார் செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை, அதில் நான் தலையிடவில்லை. யார் குடித்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எல்லாரும் ஒரே தொட்டியில் குடித்திருந்தால் அந்தத் தொட்டி அவ்வளவு எளிதாகக் கெட்டிருக்குமா? காவல் இல்லாமல், மூடி பூட்டாமல், ஏறிப் பார்க்க ஆளில்லாமல் கிடந்திருக்குமா? 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எழுதியவர்கள், பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதை ஒரு தனிக் குற்றமாகவே எழுதினார்கள். தனி நீர்நிலை இருக்கிறது, அது கெடுக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கெடுப்பதற்குத் தண்டனை எழுதினார்கள். தனியாக வைப்பதற்கு முடிவு எழுதவில்லை.

2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. எந்த ஊரில் எத்தனை பேருக்குப் பேதி என்று வாராவாரம் கணக்கு மேலே போனது. நல்ல திட்டம்தான். ஆனால் கணக்கு ஊரின் பெயரில் போகும்போது சேரி அந்தப் பெயருக்குள் மறைந்துவிடுகிறது. எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. வயிற்றுப்போக்கு விசாரணை அறிக்கை ஒவ்வொன்றிலும் குழாய் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறது என்ற படம் இருக்க வேண்டும். கடைசிக் குழாயில் குளோரின் பார்க்காமல் தொட்டியடியில் பார்த்துவிட்டு 'சரி' என்று எழுதக் கூடாது. தண்ணி முதலில் யாருக்கு விடப்படுகிறது என்பதை எழுத வேண்டும். சேரிக்குத் தனித் தொட்டி இருந்தால் ஏன் தனி என்று எழுத வேண்டும். 'விழிப்புணர்வின்மை' என்று எழுதுகிற அதிகாரி, யாருடைய விழிப்புணர்வின்மை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நம் தோழர்களுக்கும் ஒன்று. அதிகாரி வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஊரில் இது மாதிரி நடந்தால் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேர், வயசு, வீடு, நாள், தண்ணி. ஒரு அட்டையில் தெருவை வரைந்து புள்ளி வையுங்கள். குழாய் வரும் பாதையைக் கோடாக இழுங்கள். நோட்டை ஒருவரிடம் மட்டும் வைக்காமல் இரண்டு படி எடுத்து வையுங்கள். அறிக்கையிலிருந்து படத்தை எடுத்துவிடுவது எளிது. ஊரே வைத்திருக்கும் படத்தை எடுப்பது அவ்வளவு எளிதில்லை.